காணி பற்றிய பேச்சுகள்: எது சரி, எது பிசகு?

தோட்டத்தில் காணி, வீடு என்று கதை எழுந்தால் ஆளுக்கொரு பழமொழி சொல்வார்கள். பெரட்டுக்களத்திலும் கேட்கலாம், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் கேட்கலாம். சிலது பாட்டன் காலத்துப் பழமொழி, சிலது யாரோ சொல்லி ஊரெல்லாம் பரவிய பேச்சு. ஆனால் காணி விசயத்தில் பேச்சு பிசகினால் நட்டம் சின்னதல்ல. முப்பது வருசம் மலை ஏறி இறங்கிச் சேர்த்த ஈ.பி.எப். காசு ஒரே நாளில் போய்விடும். ஆகவே நாம் அடிக்கடி கேட்கிற சிலவற்றை இம்முறை எடுத்துப் பார்ப்போம்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பதற்கு மறுப்பே கிடையாது. ஒரே காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய குடும்பங்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அதில் சின்ன வீடு, குசினி, கக்கூஸ், பின்னால் நாலு பாத்தி மரக்கறி என்று ஒரு குடும்பம் தனியாக இருக்கலாம். அது போதுமா என்பது வேறு கேள்வி.

"பத்து வருசம் இருந்தா இடம் நமக்குத்தான்." இதுதான் எங்கள் காதில் அதிகம் விழும் பேச்சு. இதற்கு ஓர் அடி உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் வேறொருவரின் காணியை 10 வருடம் தடையில்லாமல், அவருடைய உரிமையை ஏற்றுக்கொள்ளாமல், தன் சொந்தம் போல ஆண்டு வந்தால் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். லயத்துக்கு இது பொருந்தாது. லயக் காம்பிராவில் நாம் இருப்பது தோட்ட நிர்வாகம் வேலைக்காரருக்குக் கொடுத்த அனுமதியின் பேரில். அனுமதியோடு இருந்த காலம், பத்து வருசமானாலும் நூறு வருசமானாலும், அந்தக் கணக்கில் சேராது. அத்தோடு 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் பெரிய தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. காணி குத்தகைக்குத்தான் கொடுபட்டது, விற்கப்படவில்லை. அரசாங்கக் காணிக்கு எதிராகப் பத்து வருசக் கணக்குச் செல்லவும் செல்லாது.

நாலு தலைமுறை இருந்தும் இப்படியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பேச்சை நம்பிச் சும்மா இருப்பதை விட, உறுதி எழுதித் தரும்படி கேட்டுப் போராடுவதே வழி. அதற்குப் பழைய துண்டுகள் உதவும். வாக்காளர் இடாப்பில் பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கரண்டு பில் எல்லாம் நீங்கள் அங்கே வசிப்பதற்குச் சாட்சி. சொந்தத்துக்குச் சாட்சி அல்ல என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அடுப்பில் போட வேண்டாம்.

அடுத்தது, "எழுதி வாங்கியாச்சு, பிறகென்ன பயம்?" பென்சன் எடுத்த ஓர் அம்மா டவுன் பக்கம் 10 பேர்ச் வாங்கியதாகச் சந்தோசமாகக் கடதாசியை எங்களிடம் காட்டினார். முத்திரை ஒட்டி, ஜே.பி. ஒருவரின் சீலும் குத்தியிருந்தது. அது உறுதியே அல்ல. 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் காணி கைமாறியதாகச் சட்டம் ஏற்காது. ஜே.பி. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அவர் சீல் காணியை மாற்றாது.

நொத்தாரிசு எழுதினாலும் வேலை முடியவில்லை. உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்று, பிந்தி வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால், கள்ளம் நடந்ததாக நிரூபித்தால் ஒழிய, பெரும்பாலும் அவர் பக்கமே சட்டம் நிற்கும். அதனால் அட்வான்ஸ் கொடுக்க முந்தியே பதிவகத்துக்குப் போய், அந்தக் காணியின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். அடகு இருந்தாலும் வழக்கு இருந்தாலும் பெரும்பாலும் அங்கே தெரியும்.

உறுதிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசிப்பிக்க வேண்டும். "இரண்டு ஏக்கரில் பிரிபடாத பத்துப் பேர்ச்" என்றிருந்தால், விற்றவர் வேலி காட்டிய அந்த மூலை உங்களுடையதென்று உறுதி சொல்லவில்லை. மற்றப் பங்காளிகளும் அதே மூலைக்கு வரலாம். சுவர்ணபூமி, ஜயபூமி என்று அரசாங்கம் கொடுத்த காணிகள் இன்னொரு வகை. அவற்றைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மலிவாகத் தருகிறேன் என்று வருகிற காணிகளில் இவை நிறைய உண்டு. மலிவுக்குக் காரணம் கேளுங்கள்.

"காணியில போட்ட காசு கரையாது." சமவெளியில் இருப்பவர் சொன்னால் கேட்கலாம், நம் பக்கம் மலையே கரைகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. சரிவில் காணி பார்க்கும்போது நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், கரண்டுக் கம்பம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய பீலி ஆகியவற்றைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது, வெயிலில் எல்லாக் காணியும் அழகாகத்தான் இருக்கும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்க வேண்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் அதன் அலுவலகம் உண்டு. காணியை வாங்கிய பிறகு போய்க் கேட்கிறவர்களே அதிகம். வாங்க முந்திக் கேட்டால் கைக்காசு மிஞ்சும்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது முழு உண்மை. அத்திவாரம் போடும்போது போட்ட கணக்கு கூரைக்கு வரும்போது நிற்காது. மீதிக்கு வட்டிக்கு எடுப்பதை விட ஒரு அறையோடு நிறுத்தி, குடியிருந்துகொண்டே கட்டலாம்.

கடைசியாக ஒன்று. "காணி ஆம்பளை பேருலதான் இருக்கணும்" என்று இன்னும் சொல்கிறார்கள். கொழுந்து எடுத்துக் காசு சேர்த்தவர் பெண்சாதி, உறுதியில் பெயர் புருசனுடையது. பிறகு அவர் குடித்துவிட்டு அடகு வைத்தால் அந்தப் பெண் யாரிடம் போவார்? பெண்ணின் பெயரில் மட்டுமோ, இருவர் பெயரிலும் சேர்த்தோ உறுதி எழுதத் தடை எதுவும் இல்லை. எழுதத் தொடங்கு முன்னே நொத்தாரிசிடம் சொல்லிவிடுங்கள், எழுதி முடித்து மாற்றுவதென்றால் மறுபடியும் செலவு.