கண்டலும் கடலேற்றமும்

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கச் சான்றோர், கழிக்கரையில் நிற்கும் கண்டல் மரத்தை ஊருக்கு வேலியாகக் காட்டினர். அது வெறும் கற்பனையன்று. நெகிரி செம்பிலானில், வடக்கே சிப்பாங் ஆறு முதல் தெற்கே லிங்கி ஆறு வரை நீளும் கடற்கரையில், லுக்குட், லிங்கி ஆறுகளின் ஓரங்களில் அவ்வேலியை இன்றும் காணலாம். மலாய் மக்கள் அதனைப் 'பாக்காவ்' என்பர்.

இவ்வேலியை இன்று அச்சுறுத்துவது கடல்மட்டத்தின் உயர்வாகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்கும் 2018க்கும் இடையில் அவ்வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராயிற்று.

ஆயினும் கண்டற்காடு வாளா நிற்பதன்று. ஓதம் கொணரும் சேற்றை அதன் ஊன்றுவேர்கள் தடுத்துப் படியவைக்கின்றன. மண்ணுள் பெருகும் நுண்வேர்களும் தரையை மேலெழுப்புகின்றன. ஆகவே கடலும் தரையும் உயர்கின்றன. எது முந்துகிறது என்பதே வினா.

இதனை அளக்க அறிவியலார் ஒரு முறை கண்டனர். அடியிலுள்ள கெட்டி நிலத்தை எட்டுமட்டும் ஓர் உலோகக் கம்பியைச் சேற்றில் இறக்குவர். அது அசையாது. அதன் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதிலிருந்து ஊசிகளைத் தரையைத் தொடுமாறு இறக்கி, உயரத்தைக் குறிப்பர். அருகே வெண்ணிறத் தூளைப் பரப்பி, பின்னாளில் அதன்மேல் எவ்வளவு சேறு படிந்தது என்று வெட்டிப் பார்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டால், மேலே படிந்ததும் அடியில் அமிழ்ந்ததும் தனித்தனியே விளங்கும். பால்மரப் பட்டையில் கோடிட்டு, வெட்டுண்ட அளவைக் கணக்கிடும் தோட்ட வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம்.

இந்திய, பசிபிக் மாகடற் கரைகளில் இவ்வாறு எடுத்த அளவுகள் 2015இல் வெளியாயின. ஆராய்ந்த இடங்களில் நூற்றுக்கு 69இல் தரை கடலுக்குப் பின்தங்கியிருந்தது. ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் கடல் உயருமாயின் கண்டல் ஈடுகொடுப்பது அரிது என்று 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று.

தரை பின்தங்கிய இடத்தில் கண்டலுக்கு எஞ்சிய வழி ஒன்றே: மேட்டுப்பக்கம் நகர்தல். பழைய மரங்கள் நீரில் மூழ்க, புதிய நாற்றுகள் உள்நிலத்தில் வேர்கொள்ளும். ஆனால் மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரைத் தாழ்நிலங்களில், பயிரை உப்புநீரினின்று காக்க மண்கரைகள் எழுப்பப்பட்டன. அக்கரைக்கும் கடலுக்கும் இடையே கண்டல் நெருக்குண்டு அழியும். அழிந்தபின், அலை நேரே மண்கரையை மோதும். கரை உடைந்தால் உப்புநீர் புகுவது செம்பனை வேரில்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பர். இங்கோ பயிர் வேலியை மேய்கிறது. எனவே அளவெடுத்தல் மட்டும் போதாது. கண்டலின் பின்புறத்தே அது பின்வாங்குதற்குரிய நிலத்தை ஒதுக்கி விடுதலே, அதனையும் தோட்டத்தையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.