மாலை வானில் இரண்டு விளக்குகள்

கதிரவன் மறைந்து சிறிது நேரம் ஆகிறது. மேற்கு வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. வேறு விண்மீன்கள் கண்ணில் படவில்லை. ஆனால் இரண்டு ஒளிப்புள்ளிகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று தெரிகின்றன.

2023ஆம் ஆண்டு மார்ச் 1, 2 ஆகிய இரண்டு மாலைகளிலும் நம் நாட்டில் இந்தக் காட்சி தெரிந்தது. அதிக ஒளியோடு இருந்தது வெள்ளி. அதைச் சுக்கிரன் என்றும் சொல்வார்கள். சற்று மங்கலாக இருந்தது வியாழன். அதுதான் குரு. இரண்டும் விண்மீன்கள் அல்ல, கோள்கள். நம் பூமியைப் போலவே இவையும் கதிரவனைச் சுற்றி வருகின்றன. இவற்றுக்குச் சொந்த ஒளி கிடையாது. கதிரவன் ஒளி பட்டுத்தான் மின்னுகின்றன.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. பிப்ரவரி முதல் வாரத்தில் வியாழன் மேலே இருந்தது, வெள்ளி கீழே இருந்தது. கையை நீட்டி விரல்களை விரித்துப் பிடித்தால், இடைவெளி ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அது நாளுக்கு நாள் குறைந்தது. பிப்ரவரி 22 அன்று மாலை பிறைநிலாவும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. மார்ச் 1 அன்று, நீட்டிய கையின் சுண்டுவிரலால் இரண்டையும் ஒன்றாக மறைத்துவிடலாம். அவ்வளவு நெருக்கம்!

உண்மையில் அவை நெருங்கினவா? இல்லை. அன்று வெள்ளி நமக்குச் சுமார் 20 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வியாழன் இருந்ததோ சுமார் 86 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். வெள்ளியின் ஒளி நம் கண்ணுக்கு வந்துசேர 11 நிமிடம் ஆயிற்று. வியாழனின் ஒளிக்கு 48 நிமிடம் ஆயிற்று.

வயல் வரப்பில் நின்று பாருங்கள். அருகில் ஒரு பனைமரம். தொலைவில் ஒரு கோபுரம். ஓர் இடத்தில் நின்றால் இரண்டும் ஒட்டி நிற்பது போலத் தெரியும். பத்து அடி தள்ளிப் போனால் விலகிவிடும். மரமும் நகரவில்லை, கோபுரமும் நகரவில்லை. நகர்ந்தது நாம்தான். வானத்தில் நாமும் நகர்கிறோம், அவையும் நகர்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளி கதிரவனுக்கு அருகில் உள்ளது. 225 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். வியாழன் வெகு தொலைவில் உள்ளது. அதற்கு ஒரு சுற்றுக்கு 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. கும்பமேளா 12 ஆண்டுக்கு ஒரு முறை வருவது இந்தக் கணக்கில்தான். அந்தச் 'சற்றுக் குறைவு' சேர்ந்து சேர்ந்துதான், ஹரித்துவாரில் 2010க்குப் பிறகு 2021லேயே, 11 ஆண்டில், கும்பமேளா வந்துவிட்டது. நம் முன்னோர் வானத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கோள்கள் எல்லாம் வானத்தில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகின்றன. ஆகவே வேகமாகப் போகும் கோள் மெதுவாகப் போகும் கோளை அவ்வப்போது தாண்டும். வெள்ளியும் வியாழனும் சுமார் ஓராண்டுக்கு ஒரு முறை இப்படிச் சந்திக்கின்றன. சில சந்திப்புகள் கதிரவன் ஒளியில் மறைந்துபோகும். சில விடியற்காலையில் நடக்கும். 2025 ஆகஸ்டில் நடந்தது அப்படித்தான்.

இதைக் கண்டு பயப்பட வேண்டுமா? 1962ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டில் ஒரு பெரும் பயம் பரவியது. மகர ராசியில் எட்டு கிரகங்கள் சேருகின்றன, உலகம் அழியப் போகிறது என்று சோதிடர்கள் சொன்னார்கள். பல ஊர்களில் யாகங்கள் நடந்தன. ஏராளமான நெய் தீயில் கொட்டப்பட்டது. பிப்ரவரி 3, 4, 5 என்று நாட்கள் வந்தன, போயின. உலகம் அழியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கூட்டத்தில் கதிரவனும் இருந்தது. எட்டாவதாகச் சொன்ன கேது ஒரு கோளே அல்ல, வெறும் கணக்குப் புள்ளி. மற்றக் கோள்கள் கதிரவன் ஒளியில் மூழ்கியிருந்தன. ஊரே பயந்த காட்சியை எவராலும் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை! நிலா அருகில் இருப்பதால் கடல் நீரை இழுக்கிறது. வெள்ளியும் வியாழனும் இருக்கும் தொலைவுக்கு, அவற்றின் இழுப்பு நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. பரிகாரம் என்று பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட காட்சியைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. கட்டடமும் மரமும் மறைக்காத இடமாக இருந்தால் போதும். மாலைக் காட்சி என்றால் கதிரவன் மறைந்து அரை மணி கழித்து மேற்கே பார்க்க வேண்டும். கதிரவன் முழுதாக மறையும் முன் பைனாக்குலரை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது, கண் கெட்டுவிடும். நன்றாக இருட்டிய பின் ஆடாமல் பிடித்துப் பார்த்தால், வியாழனின் பக்கத்தில் சிறு புள்ளிகள் தெரியும். அவை அதன் நிலாக்கள். 1610இல் கலிலியோ கண்டதும் இந்த நான்கைத்தான்.

2023 மார்ச் 2க்குப் பிறகு வெள்ளி மேலே ஏறியது. வியாழன் ஒவ்வொரு மாலையும் கீழே இறங்கியது. ஏப்ரலில் அது கதிரவன் ஒளியில் மறைந்தது. மே மாதம் விடியற்காலையில் கிழக்கே மீண்டும் தெரிந்தது. வெள்ளி மட்டும் ஜூலை வரை மேற்கு வானில் தனியே ஒளிவிட்டது.