இரண்டு திரைகள், நடுவில் ஒரு கீற்று

கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/4000 நொடி என்று வைத்துப் பொத்தானை அழுத்தினால், அதற்குள் எந்தப் பொருளும் 1/4000 நொடியில் திறந்து மூடுவதில்லை. புகைப்படம் கற்க வருபவருக்கு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் 'ஷட்டர் சட்டென்று திறக்கும், சட்டென்று மூடும்' என்ற ஒரே வாக்கியத்தோடு பாடம் பெரும்பாலும் நகர்ந்துவிடுகிறது. எண் பெரிதாகப் பெரிதாகக் கருவி விரைவாக ஓடுகிறது என்று மாணவரும் நம்பிவிடுகிறார். விளம்பரங்கள் 1/32,000 என்றும் 1/80,000 என்றும் எண்களை நீட்டும்போது அந்த நம்பிக்கை இன்னும் இறுகுகிறது. உள்ளே நடப்பது வேறு, எண்களைவிட அழகானது.

சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை சென்சாரை மூடியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் அது விலகி ஓடுகிறது. குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை அதன் பின்னாலேயே ஓடி வந்து மூடுகிறது. இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. முழுச் சட்டக சென்சாரின் 24 மில்லிமீட்டர் உயரத்தைக் கடக்க அவற்றுக்கு ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர், நிதானமாகப் போகும் ஸ்கூட்டரின் வேகம்தான். ஷட்டர் வேகத்தை மாற்றும்போது மாறுவது இரண்டு திரைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டுமே. 1/250 நொடியில் முதல் திரை முழுவதும் விலகிய பிறகே இரண்டாவது கிளம்புகிறது. 1/4000 நொடியில் முதல் திரை 2 மில்லிமீட்டர் போவதற்குள் இரண்டாவது புறப்பட்டுவிடுகிறது. அந்த 2 மில்லிமீட்டர் கீற்று சென்சாரின் மீது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து படத்தை வரைகிறது. ஒவ்வொரு புள்ளியும் 1/4000 நொடிதான் ஒளி வாங்குகிறது என்பது உண்மை. முழுப் படமும் முடிய 3 மில்லி நொடி ஆகிறது என்பதும் உண்மை.

இதைக் கண்முன் காண ஒரு காட்சி: மொட்டை மாடியில் வடாம் காய்கிறது. புனேயின் மாடிகளிலும் கோடையில் பாபடும் குர்டையும் இப்படித்தான் காயும். நீளமாக விரித்த வடாத்தின் மேல் ஒரு துணி போர்த்தியிருக்கிறது. ஒருவர் அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து நடக்கிறார். சற்றுப் பின்னால் இன்னொருவர் வேறு துணியை விரித்து மூடிக்கொண்டே வருகிறார். இருவர் நடையும் ஒன்றே. ஒவ்வொரு வடாத்துக்கும் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பதை அவர்களின் நடை வேகம் தீர்மானிக்காது, இருவருக்கும் நடுவில் உள்ள தூரம்தான் தீர்மானிக்கும். ஆனால் முதல் வடாம் வெயில் கண்ட நேரம் வேறு, கடைசி வடாம் கண்ட நேரம் வேறு. இப்போது ஒரு காக்கை, அவர்கள் போகும் திசையிலேயே தத்தித் தத்திப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த பகுதியோடு சேர்ந்தே போவதால் அதன் நிழல் தன் அளவைவிட நீளமான இடத்தில் விழும். எதிர்த் திசையில் வந்தால் நிழல் குறுகும். குறுக்கே போனால் சாய்ந்து விழும். நடுவில் ஒரே ஒரு நொடி தூறல் போட்டால், அப்போது திறந்திருந்த சில வடாம் மட்டுமே நனையும், மற்றவை துணிக்கு அடியில் காய்ந்தபடியே இருக்கும்.

அந்தத் தூறல்தான் ஃபிளாஷ். ஃபிளாஷ் ஒளி மின்னி மறையும் நேரம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. 1/1000 நொடியில் வைத்துச் சாதாரண ஃபிளாஷ் அடித்தால் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் விழுவது இதனால்தான். கேமராக் கையேடுகள் 1/200, 1/250 என்று ஃபிளாஷுக்கு ஒரு வரம்பு சொல்லும். முழு சென்சாரும் ஒரே சமயத்தில் திறந்திருக்கக்கூடிய கடைசி வேகம் அது. காரணம் தெரிந்தவர் அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கைபேசியில் திரையே இல்லை. சென்சாரின் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கெடுக்கத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கின்றன. மாடியில் பார்த்த இருவரின் நடை இங்கே மின்சாரத்தில் நடக்கிறது, அவ்வளவே. ஆனால் நடை மெதுவானது: பல கைபேசிகளில் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு வர நூறில் ஒரு நொடி முதல் முப்பதில் ஒரு நொடி வரை ஆகிறது. டெக்கான் குயின் ரயிலின் ஜன்னல் வழியே படமெடுத்தால் பாதையோர மின்கம்பங்கள் சாய்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சாய்வு நிமிராது. கம்பத்தின் விளிம்பு கூர்மையாகும். கம்பம் சாய்ந்தேதான் இருக்கும்.

மின்விளக்கிலும் இதே கதைதான். இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு நகரும் கீற்றுக்குத் தெரியும். முழுப் படத்தையும் எடுக்க 1/50 நொடி ஆகும் கைபேசியில் ஷட்டரை 1/1000 என்று வைத்தால், படத்தின் குறுக்கே இரண்டு கருப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்துப் பட்டை மறைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் படமெடுப்பவர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்து 1/60 வைக்கக் கூடாது. அங்கே மின்னோட்டம் 60 சுழற்சி.

வரலாறு சுருக்கமாகப் போதும். 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதராஸ் மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தபோது, காகித நெகட்டிவுக்கு ஒளி நெடுநேரம் தேவைப்பட்டது. நடமாடியவர்கள் பதியவில்லை, கல் பதிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளத்தின் கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவுகளாக எடுத்து ஒட்டிய நீள்படம் இன்றும் வியப்பளிக்கிறது. 1925-இல் சந்தைக்கு வந்த லைக்கா, துணித் திரைகளைக் கிடைமட்டமாக ஓடவைத்தது. பின்னர் உலோகத் தகடுகள் குறுகிய பக்கமான உயரத்தின் வழியே ஓடத் தொடங்கின. தூரம் குறைந்ததால் கடக்கும் நேரமும் குறைந்தது.

இந்த அறிவைச் சோதிக்க புனேயின் விநாயகர் விசர்ஜன ஊர்வலத்தைவிட நல்ல களம் கிடையாது. லக்ஷ்மி சாலையில் டோல்-தாஷா மேளக் குழுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. டோலை அடிக்கும் கோலின் நுனி நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1/50 நொடியில் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடியில் 5 மில்லிமீட்டர். சட்டகத்தின் அகலத்தில் 3 மீட்டர் காட்சி அடங்கி, அதில் 6,000 பிக்சல் இருந்தால், முதலாவது 200 பிக்சல் நீளத் தீற்றல், இரண்டாவது 10 பிக்சல். படமெடுப்பவர் கவனிக்க வேண்டியது பொருளின் வேகத்தை அல்ல, சட்டகத்தில் அது எவ்வளவு நகர்கிறது என்பதை. அதே கோல் தெருக்கோடியிலிருந்து சிறியதாகத் தெரிந்தால் 1/250 கூடப் போதும். கேமராவை நோக்கி நேராக வந்தால் இன்னும் குறைவாகவே போதும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு விலை உண்டு. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், துளை எஃப் 16 என்றால் 1/125 நொடி ஏறத்தாழச் சரியான எக்ஸ்போஷர். 1/4000-க்குப் போக ஐந்து படி ஒளியை, அதாவது ஐந்து முறை பாதி பாதியாக, இழக்க வேண்டும். அதை ஈடுகட்ட எஃப் 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று துளையைத் திறக்க வேண்டும். எஃப் 2.8-இல் முன்வரிசை டோல்காரரின் முகம் துலங்கும், பின்னால் உள்ள நான்கு வரிசைகளும் கரைந்துபோகும். எஃப் 16-இல் ஐந்து வரிசையும் தெரியும், கோல்கள் மட்டும் தீற்றலாகும். ஒளியின் மொத்தக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. படங்கள் இரண்டும் ஒன்றல்ல. 'சரியான எக்ஸ்போஷர்' என்ற பேச்சு மாணவரை ஏமாற்றும் இடம் இது. ஒரே அளவு ஒளியைத் தரும் பல சேர்க்கைகளில் எதைத் தேர்வது என்பதைக் கேமராவின் ஒளி மீட்டர் சொல்லாது.

மீட்டருக்கு வேறொரு குறையும் உண்டு. எதைக் காட்டினாலும் அது சராசரியாக நடுச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்கிறது. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் கிளம்பும் பல்லக்குகள் பண்டரிபுரம் போகும் வழியில் புனேயில் தங்கிச் செல்கின்றன. வெள்ளை வேட்டியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த வார்க்கரி யாத்ரீகர்கள் சட்டகத்தை நிறைக்கும்போது மீட்டர் அதை மிகையான ஒளி என்று எண்ணிக் குறைத்துவிடும், வெள்ளை அழுக்கேறியதுபோல் விழும். ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். ஜங்லி மஹாராஜ் சாலையில் கருங்கல்லைக் குடைந்த எட்டாம் நூற்றாண்டுப் பாதாளேஸ்வர் குடைவரையில் இதற்கு நேர் எதிர். தக்காணத்தின் எரிமலைப் பாறை தன் கருமையை இழந்து சாம்பலாகும், அங்கே ஒரு படி குறைக்க வேண்டும். குடைவரையின் உள்ளிருந்து, வெயிலில் நிற்கும் வட்ட நந்தி மண்டபத்தைப் பார்த்தால் சிக்கல் முற்றும். உள்ளுக்கும் வெளிக்கும் பத்துப் படி வேறுபாடு இருந்தால் அது 1,024 மடங்கு. செயற்கை நுண்ணறிவு அதைச் சமன்செய்துவிடும் என்கின்றன கைபேசி விளம்பரங்கள். அது செய்வது பல படங்களை எடுத்து ஒட்டி, இருட்டை வெளுப்பாக்குவது. குகை குகையாகத் தெரிய வேண்டும் என்று விரும்புபவர் வெளிச்சத்துக்கு அளந்து உள்ளே இருட்டாக விட வேண்டும், அல்லது உள்ளே அளந்து வாசலை வெளுக்க விட வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் மனிதர்.

புனேயின் லா காலேஜ் சாலையில், பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயில்பவருக்கு இந்த முடிவு இன்னும் கடினம். ஃபிலிம் சினிமாக் கேமராவின் ஷட்டர் சுழலும் வட்டத்தகடு. நொடிக்கு 24 சட்டகம் ஓடும்போது தகட்டின் திறப்பு 180 பாகை என்றால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 1/48 நொடி. இந்திய மின்விளக்குகளுக்கு ஒத்துப்போக அதை 172.8 பாகையாகக் குறைத்தால் சரியாக 1/50. அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் இந்த எண்ணை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஷட்டர் ஏறத்தாழ கட்டிப்போடப்பட்ட நிலையில் மிஞ்சுவது துளை, ஃபிலிமின் வேகம், ஒளி ஆகிய மூன்று. மட்டக்களப்பு அருகே அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1960களின் பிற்பகுதியில் இங்கேதான் ஒளிப்பதிவு படித்தார். 'கோகிலா' (1977), 'மூன்றாம் பிறை' (1982) இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். கிடைக்கும் இயற்கை ஒளியை நம்பி, அதற்கேற்ற நேரத்தையும் ஜன்னலையும் தேர்ந்த அவருடைய முறை, ஷட்டரைத் தொட முடியாத கலையில் ஒளியையே தொட்டுப் பழகியவரின் முறை.

கம்போசிஷன் என்றதும் கைபேசித் திரையில் ஒன்பது கட்டங்கள் தோன்றிவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு விதியை ஓவியத்துக்காக 1797-இல் எழுதிவைத்தவர் ஆங்கிலேயரான ஜான் தாமஸ் ஸ்மித். அது கைகொடுக்கும் பழக்கம், இயற்கை விதி அல்ல. தங்க விகிதக் கதைகளுக்கும் அதற்கு மேல் மதிப்பில்லை. வட்ட நந்தி மண்டபத்தை நடுவில் வைக்காமல் ஒதுக்கினால் படம் கெடும். கட்டங்கள் காட்டாத ஒன்று அசைவின் திசை. ஷட்டரைத் தாழ்த்தும்போது படத்தில் புதிய கோடுகள் பிறக்கின்றன. எது நிற்கும், எது ஓடும் என்பதை எடுப்பவர்தான் பிரிக்கிறார்.

1/30 நொடியில் கேமராவை அசைக்காமல், கடந்துபோகும் சைக்கிளை எடுத்தால் சக்கரத்தின் அடிப்பகுதிக் கம்பிகள் ஓரளவு தெளிவாகவும் மேற்பகுதிக் கம்பிகள் முற்றிலும் கலைந்தும் விழும். தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதில்லை, உச்சிப் புள்ளி சைக்கிளைப் போல் இரு மடங்கு வேகத்தில் நகர்கிறது. அதே 1/30-இல் கேமராவைச் சைக்கிளோடு சேர்த்துத் திருப்பினால், ஓட்டுபவரும் சட்டமும் நிலைத்து நிற்க, பின்னணிக் கடைகள் கிடைமட்டக் கோடுகளாக ஓடும். சக்கரம் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகக் கலையும்.