கப்பல் புழுவை ஆராய்ந்த பெண்மணி

கடற்கரைக்குச் சென்று சிப்பி பொறுக்காத சிறுமி நம்மில் யார்? அச்சிப்பிகளுக்குள் வாழும் உயிர்களை மெல்லுடலிகள் என்று விலங்கியல் கூறுகிறது. அவற்றுள் மரத்தைத் துளைக்கும் சிப்பிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி ரூத் டர்னர்.

இச்சிப்பிகளுள் பெயர்பெற்றது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனமே. நீண்ட உடலின் முன்முனையில் இரண்டு சிறிய ஓடுகள் உண்டு. அவற்றை அரம்போல் உராய்த்து மரத்தைக் குடைந்து செல்லும். செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. வெளியே சிறு துளை. உள்ளே மரம் முழுவதும் பொந்து! 1503-இல் கொலம்பஸின் கப்பல்கள் ஓட்டையாகி ஜமைக்காத் தீவில் ஒதுங்கியதற்கும், 1919 முதல் 1921 வரை சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் மரத்தாலான படகுத்துறைகள் சரிந்ததற்கும் இதுவே காரணம்.

1914-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த ரூத் டர்னர், முதலில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்தார். 1954-இல், நாற்பது வயதை ஒட்டி, டாக்டர் பட்டம் பெற்றார். கற்பதற்கு வயது தடையா, என்ன?

கப்பல் புழுக்களில் பல இனங்கள் உண்டு. துளையின் வாயை மூடுவதற்காக அவற்றின் பின்முனையில் இரண்டு சிறு தகடுகள் இருக்கும். அத்தகடுகளே இனத்தைக் காட்டும் சிறந்த அடையாளம். இவ்வினங்களையெல்லாம் வகைப்படுத்தி, 1966-இல் படங்களுடன் பெரியதொரு நூலை வெளியிட்டார். பகைவன் யார் என்று அறிந்தால்தானே மரத்தைக் காக்க வழி தேடலாம்?

1971-இல் 'ஆல்வின்' என்னும் நீர்மூழ்கியில் ஆழ்கடலுக்குள் இறங்கினார். அதில் சென்ற முதல் பெண் விஞ்ஞானி அவரே. 1,830 மீட்டர் ஆழத்தில் வைத்த மரத்துண்டுகளை 104 நாட்களுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, அவை சல்லடையாகியிருந்தன! கப்பல் புழுவுக்கு உறவான சிப்பிகளின் வேலை அது. குளிரும் இருளும் நிறைந்த ஆழ்கடலில் உயிர்கள் மிக மெதுவாகவே வளரும் என எண்ணியிருந்த அறிஞர்கள் வியந்தனர். மேலும், கடலடியில் மூழ்கும் மரத்தைப் பிற உயிர்களுக்கு உணவாக மாற்றித் தருபவையும் இச்சிப்பிகளே என்று டர்னர் விளக்கினார்.

1976-இல் ஹார்வர்டில் பேராசிரியரான இவர், 2000-இல் மறைந்தார்.

தோழியரே, துறைமுகத்தில் பகையாய்த் தோன்றும் இனம், ஆழ்கடலில் பலருக்கு அன்னமிடுகிறது. வெறுத்து ஒதுக்காமல் பொறுமையோடு உற்று நோக்கியவருக்கே அந்த உண்மை புலப்பட்டது. நாமும் அவ்வாறு நோக்கப் பழகுவோம்.