ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்



பள்ளிக்கூடத்தில் டாக்டர் வந்து பல்லைப் பார்த்தார் என்று சொல்லி, உங்கள் பிள்ளை ஒரு சீட்டைக் கொண்டுவந்து தருகிறதா? "பால் பல்லுதானே, விழுந்துட்டுப் போகுது" என்று அதை மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தச் சீட்டு, விழக்கூடாத பல்லைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

குழந்தைக்குப் பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய 6 வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அதே சமயத்தில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக 4 கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே வருவதால் இவற்றையும் பால் பல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இவை நிலையான பற்கள். போனால் மறுபடி முளைக்காது. மேல்பாகத்தில் பள்ளங்கள் உள்ளதால் இவற்றில் சொத்தை எளிதில் விழும்.

பால் பல் சொத்தையையும் விட்டுவிடக் கூடாது. பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டும். முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். புதுப் பல் கோணலாக வரும்.

பள்ளியில் என்ன செய்கிறார்கள்?

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவர் உள்ள நடமாடும் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் பல் சொத்தையும் ஒன்று. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பள்ளியில் நடப்பது பரிசோதனை மட்டுமே. சொத்தையை அடைப்பது பல் மருத்துவர் வேலை. சீட்டில் குறித்த அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும்.

"கொழுந்து எடுக்கிற நாளில் லீவு போட்டால் கூலி போகுமே!" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சிறு சொத்தையைப் பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். வேர் வரை போய்விட்டால் பல நாள் அலைய வேண்டும். பிள்ளைக்குத் தூக்கமும் போகும், படிப்பும் கெடும். ஆகவே யார் கூட்டிப் போவது என்று கணவனும் மனைவியும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் சீட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• நமது மலைக் குளிரில் பிள்ளைகள் பல் தேய்க்க மறுப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.

• காலையும், இரவு படுக்குமுன்னும் புளோரைடு உள்ள பேஸ்டால் தேய்க்க வேண்டும். 3 வயது வரை அரிசியளவும், பிறகு பட்டாணியளவும் போதும்.

• 7, 8 வயது வரை பெரியவர்கள் கூட நின்று தேய்த்துவிடுங்கள்.

• சர்க்கரை போட்ட டீயும் அதில் நனைத்த வர்க்கியும் அடிக்கடி வேண்டாம். இரவில் பல் தேய்த்த பின் தண்ணீர் மட்டுமே.

இன்று இரவே விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைசிப் பல்லைப் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ குழியோ தெரிந்தால் தாமதம் வேண்டாம்.