உடலும் ஊதியமும் – 11: கல்லாப்பெட்டி யார் கையில்?

இணையத்தில் உடலைக் காட்டிச் சம்பாதிக்கும் தொழில் எத்தனை ஆண்டு தாங்கும், அது யாருக்கு ஒத்துவரும் என்பது நம் கேள்வி. ஒன்லிஃபேன்ஸ் தளம் வருமானத்தில் 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும் கணக்கைப் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் பெங்களூருவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவும் என்று சொல்லியிருந்தேன். பெங்களூருவுக்குள் நுழைந்ததுமே ஓர் இயக்குநர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

இந்திரஜித் லங்கேஷ். 2015-ல் ‘லவ் யூ ஆலியா’ என்ற கன்னடப் படத்தில் சன்னி லியோனியை ஒரு பாட்டுக்கு ஆடவைத்தவர். 2020 டிசம்பரில், மலையாளக் கவர்ச்சிப் பட நடிகை ஷகீலாவின் வாழ்க்கையை, ரிச்சா சத்தா நடிக்க, ‘ஷகீலா’ என்ற படமாகக் கொண்டுவந்தவரும் இவரே. நம் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய இரண்டு வாழ்க்கைகளும் ஒரே பெங்களூருக்காரரின் கேமரா வழியே போயிருக்கின்றன! இதைக் கண்டதிலிருந்து வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

இவருடைய அப்பா பி. லங்கேஷையும் சொல்லியாக வேண்டும். 1980-ல் ‘லங்கேஷ் பத்ரிகெ’யைத் தொடங்கி, விளம்பரமே வாங்காமல், வாசகர் காசிலேயே நடத்திக் காட்டியவர் அவர். விளம்பரம் தருபவர் இல்லாததால் யாருக்காகவும் வாயை மூடவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கல்லாப்பெட்டி யாரிடமோ, பேச்சும் அவரிடம். பத்திரிகைக்கு இருந்த இந்த நியாயம் உடலை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் உண்டு.

சன்னி லியோனியை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பெண். இயற்பெயர் கரஞ்சித் கௌர் வோரா. 2005-ல் பாலியல் படங்கள் எடுக்கும் விவிட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோதே, பெண்களோடு மட்டும்தான் நடிப்பேன் என்று வரம்பு கட்டினார். பிறகு கணவர் டேனியல் வெபரோடு சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனமே நடத்தினார். 2011-ல் ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் வந்தபோது, விட்டுவிட்டு வரத் தன் கையில் ஒரு தொழில் வைத்திருந்த பெண்ணாகவே வந்தார்.

அப்படிப்பட்டவரையே பழைய படங்கள் விடவில்லை. பெங்களூரு மான்யதா டெக் பார்க்கில் 2017 டிசம்பர் 31, புத்தாண்டு இரவில் அவர் ஆடுவதாக இருந்தது. கன்னட அமைப்பினர் கொதித்தார்கள். தற்கொலை செய்துகொள்வோம் என்றுகூட மிரட்டினார்கள். அரசு அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே ஊரில் மேடையேறி ஆடிவிட்டுத்தான் போனார். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

ஷகீலாவிடம் கல்லாப்பெட்டி இருந்ததே இல்லை. 2000-ல் ‘கின்னாரத்தும்பிகள்’ ஓடிய ஓட்டத்தில் மலையாளத் திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. படங்களின் உரிமை அவருக்கு இல்லை. உழைத்த பணமும் தன்னிடம் தங்கவில்லை என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பெங்களூருக்காரர் எடுத்த படம் வெளியான அதே மாதங்களில், அசல் ஷகீலா தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியான ‘குக் வித் கோமாளி’யில் அடுப்படியில் நின்றார். வீடு வீடாக மக்கள் அவரை அம்மா என்றார்கள். சட்டமோ ஒப்பந்தமோ தராத இந்த இரண்டாம் வாழ்வை அவர் தன் மனத்திடத்தால் மட்டுமே ஈட்டினார்.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண் அழகையும் வயதையும் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். பணமும் படமும் யார் பெயரில்? எதைச் செய்யமாட்டேன்? சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்துவிட்டால் அடுத்த நாள் தலைநிமிர்ந்து நடப்பேனா? மூன்றாவதற்குத் தயங்கினால் இந்தத் தொழில் அவருக்கு ஒத்துவராது. தொழிலிலிருந்து ஓய்வு பெறலாம், இணையத்தில் கிடக்கும் படத்துக்கு ஓய்வே கிடையாது.

முதல் கேள்விக்கு இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு ‘என் பெயரில்’ என்று சொல்லிவிட முடியுமா? 67ஏ-யின் கீழ், வெளிப்படையான பாலியல் காட்சியை மின்வழியில் வெளியிட்டால் முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி என்றால் 7 ஆண்டு வரை சிறை. தன் படத்தைத் தானே வெளியிட்டவருக்கும் இதே பிரிவுதான். பணத்தில் ஏமாற்றப்பட்டால் அவர் எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பார்? அடுத்த வாரம் முழுக்க இதற்குத்தான்; குறுக்கே எந்த இயக்குநரையும் வரவிடமாட்டேன்.