சாணவண்டும் குடற்புழு மருந்தும்

கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நிர்வாகக் குழுவின் முன் அடிக்கடி வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு. குடற்புழு மருந்தைச் சங்கமே மொத்தமாக வாங்கி, எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அது. கோரிக்கை நியாயமானதே. புழு தின்னும் தீவனத்திற்கும் நாம்தான் விலை கொடுக்கிறோம்; பாலோ குறைகிறது. தறியோடு ஒரு பசுவையும் வைத்துக் குடும்பம் நடத்தும் நெசவாளருக்கு இந்த நஷ்டம் இன்னும் கடுமையாகத் தோன்றும். கூட்டாக வாங்கினால் விலை மலிவு என்பதும் உண்மை. ஆயினும் எந்த மருந்து, எந்த மாட்டுக்கு, எப்பொழுது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் கொள்முதல் செய்வது நன்றன்று. அதற்குரிய காரணம் சாணத்தில் இருக்கிறது.

கூலி கேளாத வேலையாள்

ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணமிடுகிறது. தொழுவத்தில் விழுவதை நாம் வாரிக் குப்பைக் குழியில் சேர்க்கிறோம். மேய்ச்சல் நிலத்தில் விழுவதை வாருவார் இல்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது சாணவண்டு. சிறு பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் சாணியுருட்டி வண்டு இக்குலத்தில் ஒரு பிரிவுதான். சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் செல்வன ஒரு வகை; சாணத்தின் அடியிலேயே மண்ணைக் குடைந்து உள்ளே இழுத்துச் செல்வன மற்றொரு வகை; சாணத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகுவன மூன்றாம் வகை.

இவற்றால் விளையும் நன்மைகளை நாம் கணக்கில் எழுதுவதில்லை. சாணம் மண்ணுக்குள் செல்வதால் அதிலுள்ள தழைச்சத்து காற்றில் கலந்து வீணாவது குறைகிறது. வண்டு குடைந்த துளை வழியே மழைநீர் இறங்குகிறது. ஈக்கள் முட்டையிட்டுப் பெருகும் இடம் குறைகிறது. சாணத்தோடு வெளிவரும் புழு முட்டைகளுள் பல, குஞ்சு பொரித்துப் புல்லுக்கு ஏறுமுன்னரே அழிகின்றன. புழு மருந்து செய்யும் வேலையில் ஒரு பங்கை இவ்வண்டு செலவின்றிச் செய்து வருகிறது.

இதன் அருமையை, இதனை இல்லாது தவித்த ஆஸ்திரேலிய நாடு உலகுக்கு உணர்த்தியது. 1788இல் அங்கே மாடுகள் கொண்டுசெல்லப்பட்டன. கங்காருவின் உலர்ந்த சிறு புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகள் மாட்டின் ஈரச் சாணத்தைப் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் சாணம் காய்ந்து கிடந்தது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்னும் பூச்சியியல் அறிஞரின் முயற்சியால், 1960களின் இறுதியிலிருந்து பிற கண்டங்களின் சாணவண்டுகளை அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமே வளர்த்து நிலங்களில் விட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் விடப்பட்டு, இருபதுக்கு மேற்பட்டவை வேரூன்றின. அங்கே பெரும் பொருள் செலவிட்டுத் தேடியதை நம் நிலம் இயல்பாகவே பெற்றிருக்கிறது.

மருந்தின் பெருமையும் குறையும்

ஐவர்மெக்டின் என்னும் மருந்தை மாடு வைத்திருப்போர் பலரும் அறிவர். ஜப்பான் நாட்டு மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரே இதற்கு மூலம். 1981 முதல் கால்நடைகளுக்கு விற்பனையில் உள்ளது. மனிதருக்கு ஆற்றுக் குருடு என்னும் நோயைத் தடுப்பதற்கும் இது பயன்பட்டமையால், ஓமுராவுக்கும் வில்லியம் காம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆனால் இம்மருந்து உருண்டைப் புழுவின் நரம்பில் எவ்விடத்தைத் தாக்குகிறதோ, அதே அமைப்பு பூச்சிகளின் நரம்பிலும் உண்டு. அதனால்தான் இது பேன், சொறிப்பூச்சி முதலியவற்றையும் கொல்கிறது. மாட்டின் உடலிற் சென்ற மருந்தில் பெரும் பகுதி சாணத்தின் வழியே வெளியேறுகிறது. ஊசியாகப் போட்டால் சில வாரங்கள் வரை சாணத்தில் அதன் மிச்சம் இருக்கும். அச்சாணத்தில் இடப்பட்ட முட்டையிலிருந்து வரும் வண்டுப் புழுக்கள் மடிகின்றன; வளர்ந்த வண்டுகளும் மோப்பமும் நடமாட்டமும் குன்றுகின்றன.

1987இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடும் குளிகை கொடுக்கப்பட்ட கன்றுகளின் சாணம் சுமார் 100 நாட்களுக்குப் பின்னும் பெரும்பாலும் உருமாறாமல் கிடந்தது. மருந்து பெறாத கன்றுகளின் சாணம் பெரும்பாலும் மண்ணோடு கலந்துவிட்டது. ஒருமுறை போடும் ஊசியின் தீமை இவ்வளவு நீடிப்பதில்லை. நம் நாட்டில் கறையானும் சாணத்தைத் தின்று உதவுகிறது. எனினும் ஊர் மாடுகள் அனைத்துக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால், அந்த வாரங்களில் வண்டு ஒதுங்குவதற்கு நல்ல சாணமே இராது என்பதைக் கருத வேண்டும்.

மாட்டுக்குக் கொடுத்த மருந்து வேறோர் உயிரை அழித்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் மடியத் தொடங்கி, வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குறைந்துபோயிற்று. வலி தீர்க்க மாடுகளுக்குப் போட்ட டைக்குளோபினாக் ஊசியே காரணம் என்பது 2004இல் வெளியாயிற்று. இறந்த மாட்டின் இறைச்சி வழியே அம்மருந்து கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதன் உபயோகம் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகளுக்கு நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கே முக்கியப் புகலிடம். வானில் பறக்கும் கழுகு மறைந்ததே தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. மண்ணுக்குள் வாழும் வண்டு மறைந்தால் யார் காண்பார்?

கொரட்டூர்ப் பகுதிக்கு ஏற்றது எது?

கொரட்டூர், அம்பத்தூருடன் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. விளைநிலங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. ஏரிக்கரையும் காலி மனைகளுமே மாடுகளுக்கு எஞ்சிய மேய்ச்சல் இடங்கள். இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, நீர்க்கரையில் மேயும் மாடுகளுக்கு நத்தை வழியே தட்டைப்புழு தொற்றும். ஐவர்மெக்டின் உருண்டைப் புழுவைக் கொல்லுமேயன்றித் தட்டைப்புழுவையோ நாடாப்புழுவையோ கொல்லாது. ஆகவே ஏரிக்கரை மாட்டுக்கு அந்த ஊசியை மட்டும் போடுவது, பணத்தையும் இழந்து வண்டையும் இழந்து, புழுவை மட்டும் காப்பாற்றுவதாக முடியலாம்.

இரண்டாவது, இம்மருந்து நீர்வாழ் சிற்றுயிர்களுக்குக் கொடிய நஞ்சு. மீன் குஞ்சுக்கு இரையாகும் நீர்த்தெள்ளு மிகச் சிறு அளவிலேயே மடியும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்வது. ஊசி போட்ட மாட்டின் தொழுவத்தைக் கழுவி வாய்க்காலில் விட்டால், கேடு ஓர் ஏரியோடு நில்லாது.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

1. மருந்துக்கு முன் சாணப் பரிசோதனை செய்தல் வேண்டும். அரசினர் கால்நடை மருந்தகத்திற்குப் புதுச் சாணத்தைச் சிறிது கொண்டுசென்றால், புழு உண்டா, எவ்வகை என்பது விளங்கும். மருந்தும் அளவும் மருத்துவர் கூறியபடியே இருக்கட்டும்.

2. வெறும் உருண்டைப் புழுவாயின் பென்பெண்டசோல், அல்பெண்டசோல் போன்றவற்றைப் பற்றி மருத்துவரைக் கேட்கலாம். இவற்றால் வண்டுக்குக் கேடு மிகக் குறைவு. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது. தட்டைப்புழுவுக்கு மருந்து வேறு.

3. ஐவர்மெக்டின் பாலிலும் வெளிவருவது. கறவையிலுள்ள பசுவுக்கு மருத்துவர் சொல்லின்றிப் போடலாகாது. சங்கத்திற்கு ஊற்றும் பால் ஊரார் குழந்தைகள் குடிப்பது அன்றோ?

4. உண்ணிக்கு முதுகில் ஊற்றும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் முதலியவையும் சாணவண்டுக்குப் பகையே. தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் உபயோகிக்க.

5. ஊசி போட்ட மாட்டைச் சில வாரங்கள் தொழுவத்திலேயே கட்டித் தீனி போடுதல் நலம். அதன் சாணத்தைத் தனிக் குழியில் இட்டு மண்ணால் மூடி, நன்கு மக்கிய பின்னரே வயலுக்கு அனுப்ப வேண்டும். எருக்குழியின் வெப்பமும் நுண்ணுயிர்களும் மருந்தைச் சிதைக்கும்.

6. எல்லா மாட்டுக்கும் ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால், மருந்துக்கு அஞ்சாத புழு பெருகும். நோயுள்ளதற்கே கொடுப்பது மருந்தின் ஆயுளையும் நீட்டிக்கும்.

இவை தனி மனிதர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. ஒருவர் தம் மாட்டின் சாணத்தைப் பாதுகாக்க, அடுத்தவர் அனைத்து மாட்டுக்கும் ஊசி போட்டால் பயன் என்ன? மேய்ச்சல் நிலம் பொது, வண்டும் பொது. பொதுவானதைக் காப்பதற்கே கூட்டுறவு தோன்றியது. ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பரிசோதனைச் சீட்டு உள்ள மாட்டுக்கே சங்கத்தின் வழி மருந்து என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவது பொருத்தமாகும். மருந்துச் செலவு குறையும். மிஞ்சிய தொகையில் எருக்குழிகளுக்கு உதவலாம். பேரேட்டில் பெயர் இல்லாத அந்தச் சிறு வேலையாளும் தன் தொழிலைத் தடையின்றிச் செய்து வரும்.